உன் குரலில் நான் பறந்த படம்

மக்கா,

சபையில் கேரல் வேலை தொடங்கிவிட்டது. நேற்று சாயங்காலம் அலமாரியைத் திறந்து கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கியை எடுத்தேன். அந்துருண்டை வாசனைக்கு அடியில் பெயின்ட் வாசனை இன்னும் இருக்கிறது. நெஞ்சில் நீ வெள்ளிப் பெயின்டால் போட்ட மின்னல் எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாம் எடுத்த படத்தின் சூப்பர்ஹீரோவுக்கு உடை தைக்க வழியில்லாமல் நீதான் அதைச் சபையில் கேட்டு வாங்கி வந்தாய். கேரள எல்லையில், களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டினால் சக்தி போய்ப் பொத்தென்று விழுகிற ஹீரோ! பெரிய சூப்பர்ஹீரோ படங்களையெல்லாம் கிண்டலடிக்கப் போகிறோம் என்று பாறசாலையிலிருந்து காரக்கோணம் வரை சொல்லித் திரிந்தாய். நானோ பெயின்ட் கடையில் நிற்பவன். கேமராவைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எலே, நீ பறந்தா மதி, அது போதும். பேச நான் உண்டு" என்றாய். அதனால் படம் முழுக்க என் வாய் அசையும், உன் குரல் கேட்கும்.

முதல் காட்சிக்குப் பாதித் தியேட்டர் நம் சபைக்காரர்கள்தான். நான் தென்னைக்கு மேலே பறந்து வந்ததும் ஒரு பிள்ளை, "அம்மா, கிறிஸ்மஸ் தாத்தா!" என்று கத்தியது. அவ்வளவுதான். பிறகு என் தலை தெரிந்தபோதெல்லாம் பிள்ளைகள் "மிட்டாய், மிட்டாய்" என்றன. நீ சிரிக்க வைக்க எழுதிய இடத்தில் ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. வில்லன் செத்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வருஷாவருஷம் அதே அங்கியோடு வீடு வீடாகப் போய் மிட்டாய் கொடுத்தவன் நான். இது நம் இரண்டு மண்டைக்கும் ஏன் உறைக்கவில்லை?

நெய்யாற்றின்கரையில் தமிழ்ப் படம் என்றார்கள், மார்த்தாண்டத்தில் மலையாளப் படம் என்றார்கள். அந்த வாரமே தூக்கிவிட்டார்கள். விமர்சனம் போட்டவர்களுக்கெல்லாம் ஹீரோவின் குரல்தான் காதில் குத்தியது. ஆட்டுக்குத் தொண்டை கட்டினது போல இருக்கிறதாம். பாவிகள்.

நீ அதற்கும் சிரித்தாய். ஆனால் ஆஸ்பத்திரியில், தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எழுதுன எடத்துல நாலு பேராவது சிரிக்கணும் மக்கா. நீ பாத்துக்கிடணும்" என்றாய். சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை.

இந்த வாரம் அதற்கு வழி வந்தது. சென்னையில் யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர் போன் செய்தார். படம் இப்போது போட்டால் ஜனம் வயிறு குலுங்கச் சிரிக்கும் என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே, "ஒரே ஒரு விஷயம் சார், ஹீரோ வாய்ஸை மட்டும் மாத்திடலாம்" என்றார்.

உன் மனைவியிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். "ஆளுவ சிரிக்கணும்னு ஆசப்பட்டது அவராக்கும். படத்துல அசையது உங்களுக்க வாயி. நீங்களே சொல்லுங்க அண்ணா" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் தப்பித்துக்கொண்டாள், நான் யாரிடம் போவேன்?

என் வாயைத் திறந்து எவனோ ஒருத்தன் பேசுவதை நினைத்துப் பார்த்தேன். இன்று காலை அந்த ஆளிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுபடி அழைக்க மாட்டார். வேறு யாரும் இந்தப் படத்தைத் தேடி வரப்போவதுமில்லை. நீ கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று, அதை நானே கெடுத்துவிட்டேன். திட்டுடா. கல்லறையிலிருந்து எழுந்து வந்து நாலு கெட்ட வார்த்தை சொல்லேன்!

இந்தப் படத்தை விட்டால் வேறு எங்கே எனக்கு உன் சத்தம் உண்டு? கதவைச் சாத்திவிட்டுத் தனியாகப் படத்தைப் போடுகிறேன். நான் வாயைத் திறக்கிறேன், நீ பேசுகிறாய்.