நெருப்பு வகையாம் நான்!

மே 16

சாச்சாக் நகரத்தில் வகுப்பு. வியாபாரம் செய்கிறவர்கள் தங்கள் குணவகையைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நடத்தியவள் பெல்கிரேடிலிருந்து வந்த தெயோதோரா, என் மகள் வயது. கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்ததும் நேராகச் சொல்லிவிட்டாள்: "நீங்க நெருப்பு வகை. சட்டுனு முடிவெடுப்பீங்க. அடுத்தவங்க பேசி முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லிடு..."

"இல்லவே இல்ல!" என்றேன். வகுப்பே சிரித்தது.

கொழுந்தன் ஒப்ராத் நீர் வகையாம். கேட்டுக்கொள்பவன், பொறுமைசாலி. கணவர் ஸ்வெதோ லாரியோடு பாதி ஐரோப்பாவைச் சுற்றுகிறார்; ராஸ்பெர்ரியை உறைய வைக்கும் கிடங்கை நடத்துவது நாங்கள் இருவர்தான். அதில் வாய் என்னுடையது. இத்தனை ஊர்ப் பழம் வந்து சேர்வது அந்த வாயால்தான்.

மே 17

நெருப்பாம்! போகட்டும், அணைந்து கிடப்பதற்கு அது மேல்.

மே 27

மேலூர்க்காரர்கள் வந்தார்கள். எங்கள் பழத்தில் பாதி அவர்கள் தோட்டத்துப் பழம். சீசனுக்கு முன் முற்றத்தில் உட்கார்ந்து பேசுவது வழக்கம். முதலில் காபி, பிறகு ரக்கியா என்கிற பழச்சாராயம், மழை, மாடு, யார் வீட்டில் கல்யாணம். விலை கடைசியில், போகிற போக்கில் வர வேண்டும். நானோ காபி கொதிக்கும்போதே விலையைச் சொல்லிவிட்டேன்.

அவர்களுக்குப் பெரியவர் ரடென்கோ. எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "விலைய மட்டும் சொல்றதுன்னா போன்லயே சொல்லியிருக்கலாமே, தெசாங்கா." காபிக்குக்கூட ஒருவரும் காத்திருக்கவில்லை. டவுனில் உள்ள இன்னொரு கிடங்குக்குக் கொடுக்கப் போகிறார்களாம்.

பாதிக் கிடங்கு காலியாகக் கிடந்தால் இந்த வருஷத்தோடு கதவைச் சாத்த வேண்டியதுதான். அப்படி என்ன சொல்லிட்டேன் நான்? நல்ல விலைதானே சொன்னேன்!

மே 28

ஒப்ராத் சொல்கிறான்: "நல்ல விலைதான் அண்ணி. ஆனா அவங்க விலைய மட்டும் கேக்க வரல."

"பின்ன, என் மூஞ்சியப் பாக்கவா வந்தாங்க?"

"ஆமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூன் 2

நானும் நீராகிப் பார்த்தேன். ரடென்கோ வீட்டுக்குப் போய், குரலைத் தாழ்த்தி, மழையைப் பற்றிப் பேசினேன். மாட்டைப் பற்றிப் பேசினேன். "உங்க மாமனார் சௌக்கியமா?" என்றும் கேட்டு வைத்தேன். மனிதர் இறந்து, நாற்பதாம் நாள் சாப்பாட்டை நானே போய்ச் சாப்பிட்டிருக்கிறேன் — கடவுளே!

ரடென்கோ கூரையைப் பார்த்தார். அவர் மனைவி விதோசாவா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வாசல்வரை வந்து, "அடியே, நீ கத்தினாக்கூடப் பரவாயில்ல. இப்படிக் குழையறதத்தான் பாக்க சகிக்கல. ஒப்ராத்த அனுப்பு" என்றாள். வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜூன் 3

அவனை அனுப்புவதா? கிடங்கு நான் கட்டியது. பேச்சு என் வேலை.

அனுப்பத்தான் வேண்டும்.

ஜூன் 6

காலையில் போனவன் பொழுது சாயத் திரும்பினான். சட்டையெல்லாம் வைக்கோல். பேசப் போனவன் போர் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்!

"என்ன ஆச்சு?"

"பழம் வரும் அண்ணி."

"விலை?"

"நீங்க சொன்னதுதான்."

"அப்படி என்னதான்டா பேசின?"

"நான் எங்க பேசினேன்?"

சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷம்தான். பொறாமையும்தான். இனி முற்றத்துப் பேச்சு அவனுக்கு. நானாகக் கொடுத்தேன், யாரும் பிடுங்கவில்லை. அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

ஜூலை 11

கிடங்கு நிரம்பிவிட்டது. எங்களிடம் பழம் வாங்கும் வியன்னா வியாபாரி போன் செய்தான். பேசிய விலையைக் குறைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் லாரி வராதாம். உறைந்த பழத்தை வைத்துக்கொண்டு எங்கே போவார்கள் என்ற தைரியம். போனை எடுத்த ஒப்ராத், "யோசிச்சுச் சொல்றோம்" என்று வெளுத்துப்போய் நின்றான்.

பிடுங்கினேன் போனை. "யோசிக்க ஒண்ணுமில்ல. வியாழக்கிழமை லாரி வரணும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை இங்க போலந்துக்காரர் லாரி நிக்கும், உங்க வாசல்ல என் வக்கீல் நிப்பார்!"

எந்தப் போலந்துக்காரர் என்று எனக்கே தெரியாது. சீசனுக்கு எங்கள் கிடங்கில் பழம் பொறுக்க வந்திருந்த விதோசாவா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மாலைக்குள் மேலூர் முழுக்கச் சொல்லியிருப்பாள்.

ஜூலை 13

லாரி வந்தது. பேசிய விலைக்கே. ஹா!

ஆகஸ்ட் 20

ரடென்கோ வந்திருந்தார். காபி, ரக்கியா, புல் அறுப்பு, மகனுக்குப் பெண் தேடுவது — எல்லாம் ஒப்ராத்தோடு. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டில் பாலாடைக்கட்டி அடுக்கினேன்.

கிளம்பும்போது சொன்னார்: அடுத்த வருஷத்துக்காக வெளிநாட்டு வியாபாரிகளோடு சாச்சாக்கில் பேச்சுவார்த்தை, ஊருக்கு ஒருவர் போக வேண்டும். "எங்க ஊருக்காக நீ வந்து பேசணும், தெசாங்கா. வியன்னாக்காரன்கிட்ட நீ பேசின மாதிரி எங்களுக்கு வாய் வராது."

விவசாயிகளுக்காகக் கிடங்குக்காரி பேசுவதா! இதுவரை எந்த ஊரும் செய்யாதது.

"வர்றேன்" என்றேன், அவர் கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள்.

அவர் தலை மறைந்ததும் ஒப்ராத் மெல்ல ஆரம்பித்தான்: "அண்ணி, கொஞ்சம் யோசிச்சுட்டு..."

"யோசிக்கத்தான் நீ கூட வர்றியே. நல்ல சட்டையா ஒண்ணு எடுத்து வை."