காட்டுக்குள் உப்புத் தண்ணீர்

தேவனாம்பட்டினம், கடலூர்
3-6-1964

மதிப்பிற்குரிய ராமாமிர்தம் ஐயா அவர்களுக்கு,

மலர்க்கொடி வணக்கத்துடன் எழுதுவது. முன்பின் தெரியாத பெண் எழுதுகிறாளே என்று கோபிக்க வேண்டாம். ‘ஏழாம் ஓடை’ முன்னுரையின் கீழே உங்கள் முகவரி இருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். எங்கள் குப்பத்தில் வலை பின்னும் இடத்தில் உங்கள் நாவலை நான்தான் உரக்கப் படிக்கிறேன். முகம் தெரியாமல் இருக்க ஒரு பாயைத் தொங்கவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். இப்போது முப்பது பேர் வருகிறார்கள். கூடாரத்தைப் புலி சுற்றும் இடத்தில் குப்பு அத்தை ஊசியைக் கையில் குத்திக்கொண்டு, “அடப் பாவிங்களா, வெளக்க ஏத்துங்கடா, பின்னாலயே நிக்குது!” என்று கத்திவிட்டாள்.

அண்ணன் தட்சிணாமூர்த்திக்குப் படிக்கத் தெரியாது. ஏழாம் ஓடைக்கு அப்பால் யானைத் தந்தங்கள் குவிந்து கிடக்கிற பக்கத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னது. “நெசமா பொய்யான்னு அந்த ஐயாவயே கேளு” என்றது. ‘இது நடந்த கதை’ என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். நடந்ததா ஐயா?

இப்படிக்கு,
மலர்க்கொடி


கீழவீதி, சிதம்பரம்
9-6-1964

அன்புள்ள வாசகிக்கு,

முப்பது பேர் கேட்கிறார்கள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நடந்ததா என்றா கேட்கிறாய்? ஒவ்வோர் அடியும் நான் நடந்த அடி. சத்தியமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்று நாள் வடக்கே மலைக்காட்டில் நடந்தால் முதல் ஓடை. தந்தங்கள் இன்றும் அங்கேயே கிடக்கின்றன. எடுத்துவரத் துணிந்தவன்தான் இல்லை. குப்பு அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராமாமிர்தம்


தேவனாம்பட்டினம்
17-6-1964

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ‘துணிந்தவன்தான் இல்லை’ என்ற இடத்தை மறுபடி படி என்றது. படித்தேன். மறுநாள் படகு தள்ளும்போது அண்ணன் இல்லை. உங்கள் கடிதமும் இல்லை, புத்தகத்தின் முதல் பக்கத்து வரைபடமும் இல்லை.

அம்மா சோற்றைத் தொடுவதில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை, அம்மாவிடம்தான் சொல்கிறார்: “இவள எட்டாவது வரைக்கும் படிக்க வச்சதே தப்பு.” அந்த வழியில் ஊர்கள் உண்டா? புலி நிஜமா? உடனே எழுதுங்கள்.

மலர்க்கொடி


தேவனாம்பட்டினம்
27-6-1964

ஐயா,

பத்து நாளாகிறது, பதில் இல்லை. நான் புத்தகத்தை முதல்முறையாக எனக்காகப் படித்தேன். மூன்றாம் ஓடை காலையில் மேற்கே ஓடுகிறது, சாயங்காலம் கிழக்கே ஓடுகிறது. வேர்களில் நண்டு ஏறுகிறது. ஒருவன் தண்ணீரை வாயில் வைத்து உப்பு என்று துப்புகிறான். மலையில் ஏது ஐயா கடல் தண்ணீர்போல ஏத்தமும் வத்தமும்? அது பிச்சாவரத்து உப்பங்கழி.

இங்கே ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் அப்படித்தான் போய்வரும். அண்ணனும் ஏதோ ஓர் ஓடைக்கரையில், தண்ணீர் திரும்பட்டும் என்று உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் அந்த மலையைப் பார்த்ததில்லை, இல்லையா? பிச்சாவரம் என்றால் அப்பா ஒரு நாளில் தேடிவிடுவார். மலை அவருக்குத் தெரியாது. அண்ணனை எங்கே அனுப்பினீர்களோ, அங்கே நீங்களே போங்கள்.

மலர்க்கொடி


சத்தியமங்கலம்
8-7-1964

தங்கை மலர்க்கொடிக்கு,

முதலில் நல்ல செய்தி: உன் அண்ணன் கிடைத்துவிட்டான்.

நீ சொன்னதெல்லாம் சரி. நான் ஒரு வக்கீலின் குமாஸ்தா. நிலத் தகராறு ஒன்றுக்காக ஒரு பகல் பிச்சாவரத்தில் தோணியில் போனேன். நான் கண்ட காடு அவ்வளவுதான். உன் முந்தைய கடிதம் வந்தபோது பயந்துபோய் மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

விறகு வெட்டும் பொன்னி என்ற அம்மாள் அவனை ஓடைக்கரையில் காய்ச்சலோடு பார்த்து, ஆள் கூட்டித் தூக்கிவந்திருக்கிறாள். “அஞ்சு நாளா தண்ணி திரும்பவேயில்ல” என்று புலம்பினானாம். எழுதியவன் நான்தான், எல்லாம் பொய் என்று அவனிடம் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தான். “போ சார். அத எழுதுனவரு புலிய நேருக்கு நேர் பாத்தவரு. நீ இந்த மேடு ஏறவே மூச்சு வாங்குற” என்றான்.

கடலூர் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விடுகிறேன். உன் தகப்பனார் முகத்தில் விழிக்கத் துணிவில்லை.

ராமாமிர்தம்


தேவனாம்பட்டினம்
20-7-1964

ஐயா அவர்களுக்கு,

அண்ணன் வந்து சேர்ந்தது. அம்மா சாப்பிடுகிறாள். அப்பா நேற்று என்னிடம் தண்ணீர் கேட்டார்.

பாயைக் கழற்றிவிட்டு, எல்லார் முகத்தையும் பார்த்து, கதை பொய் என்று சொன்னேன். குப்பு அத்தை, “போடி, நாலு எழுத்துப் படிச்சிட்டு எங்களுக்கே சொல்ல வந்துட்டா” என்றாள். அண்ணனைச் சுற்றித்தான் இப்போது கூட்டம். நீங்கள் எழுதாத புலியெல்லாம் அது பார்த்திருக்கிறது. “அமாவாசைக்குத்தான் ஓட திரும்பும் போலருக்கு, நான் போன நாளு தப்பு” என்கிறது. இன்னும் படகில் ஏறவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால், உங்கள் கடிதமோ என்று தெருவுக்கு ஓடுகிறது.

உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. போய்த் தேடினீர்கள், அது போதும். ஆனால் இனி எங்களுக்குக் கடிதம் போடாதீர்கள். மன்னிப்பு என்றுகூட எழுத வேண்டாம். நீங்கள் எதை எழுதினாலும் அண்ணன் என்னைப் படிக்கச் சொல்லும். நான் எப்படிப் படித்தாலும் அண்ணன் காதில் அது காட்டுக்கு வழி சொல்வதாகத்தான் விழும்.

மலர்க்கொடி