செண்டுமல்லி மஞ்சள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

போன வாரம் ஒரு கூத்து. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் விற்காமல் வாடிய செண்டுமல்லியைக் காய்ச்சி, கல்யாணத் தாம்பூலப் பைகளுக்குச் சாயம் போடுகிறோம் அல்லவா? அவசரத்தில் நான் இரும்புச் சட்டியில் காய்ச்சிவிட்டேன். மஞ்சளாக வரவேண்டிய துணியெல்லாம் பாசி நிறமாகிவிட்டது.

கல்யாணப் பெண்ணின் தாயார் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு இந்தக் கலரா? கெமிக்கல் மஞ்சள் போட்டுக் குடுங்க லா" என்றார்.

பட்டறையை நடத்தும் லோஷினி சின்னப் பெண்தான், ஆனால் அசையவில்லை. "அந்தக் கெமிக்கல் தண்ணி கிள்ளான் ஆத்துக்குத்தான் போகும் ஆன்டி. ஞாயித்துக்கிழமைக்குள்ள பூவுலயே மஞ்சள் தரேன்."

என்னைத் திட்டவில்லை. "அக்கா, இனிமே அந்தச் சட்டில மீன் பொரிங்க" என்று சிரித்தாள்.

மறுபடி பூ சேகரித்து, எவர்சில்வர் பானையில் காய்ச்சி, சொன்ன நாளில் கொடுத்துவிட்டோம். தங்க மஞ்சள், அம்மா!

பழைய ஆபீஸ் வேலைக்கே திரும்பச் சொன்னாய். மாட்டேன். இதைக் கற்றே தீருவேன்.

என்னோடு வேலை செய்யும் நூர்ஜஹான் ஊருக்குப் புறப்பட்டு, இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறாள். அவள் திரும்பும்போது, பை தைக்க அப்பாவின் பழைய வேட்டிகளைக் கொடுத்தனுப்பு. உன் சேலை ஒன்றையும் வை. அதற்கு நான் சாயம் போடமாட்டேன். நீயும் துவைக்காமல் அனுப்பு.

உன் மகள்,
கற்பகம்