நாம் அடித்த டமாஸ்கஸ் கத்தி

இன்று காலை எங்கள் பிளாக் முனையில் நிற்கும் இஸ்திரி வண்டியருகே சும்மா நின்றுவிட்டேன். பெட்டிக்குள் போட வேண்டிய கரியை அந்த மனிதர் விசிறிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து கால் நகரவில்லை. துணி எங்கே சார் என்று கேட்டார். கையில் ஒன்றுமில்லை. அசடு வழிந்துவிட்டுக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினேன். வீட்டிலும் யாருமில்லை. மகளின் பிரசவத்துக்காக என் மனைவி ஓசூர் போய் இரண்டு மாதமாகிறது. பேச ஆளில்லாமல்தான் உனக்கு எழுதுகிறேன், நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆனபிறகு.

அந்த வீடியோவை முதலில் காட்டியது நீதான். ஷிப்ட் முடிந்து மரத்தடியில் நின்றபோது போனை என் பக்கம் நீட்டினாய். இரண்டு விதமான எஃகுப் பட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி, ஒன்றாகும்வரை அடிக்கிறார்கள். முடிவில் கத்தி முழுக்கத் தண்ணீர் அலைபோல வரி ஓடுகிறது. நாமும் செய்யலாமா சார் என்றாய். நான் பர்மனென்ட் ஃபிட்டர், நீ கான்ட்ராக்ட் வெல்டர். ஒரே செக்‌ஷன், ஒரே வயசு. உன் கைவேலை என்னுடையதைவிட ஒரு படி மேல். ஆனாலும் நான் உனக்கு சார். அப்படிக் கூப்பிட வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்து கிராமத்தில் உன் வீட்டுக்குப் பின்னால் லாரி பிரேக் டிரம்மைப் புதைத்து உலை போட்டோம். பழைய இரும்புக் கடையில் அரத்துண்டுகளும், மரம் அறுக்கும் வாள் பட்டையும் வாங்கினோம். எல்லாம் சரியாகத்தான் போனது, கரி விஷயத்தில் கோட்டை விட்டோம். செங்கல் சூளைக்காரரிடம் ஒரு மூட்டை பழுப்பு நிலக்கரி கேட்டு வாங்கி வந்தாய். வீடியோவில் வேறு கரியல்லவா சொன்னார்கள் என்றேன். "ஊருக்கே கரண்ட் குடுக்குற கரி. ஒரு கத்திக்குச் சூடு குடுக்காதா?" என்று மடக்கினாய். நெய்வேலிக்காரன் ஒருவனும் அதற்குப் பதில் சொல்ல மாட்டான். நானும் மூட்டையைப் பிரித்துவிட்டேன்.

நிலக்கரியில் இருந்த ஈரமெல்லாம் புகையாய் வந்தது. உன் மனைவி துணிக்கொடியைக் காலி செய்துகொண்டு உள்ளே ஓடினார். மத்தியானம்வரை ஊதியும் இரும்பு சிவப்பைத் தாண்டவில்லை. போதும் என்று எடுத்து அடித்தோம். நாலாவது அடியில் அடுக்கு அடுக்காகப் பிரிந்து பரோட்டாவாய்க் கிடந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அடுத்த ஞாயிறு இஸ்திரிக்காரரிடம் மரக்கரி வாங்கிக்கொண்டு நான் வந்தேன்.

அன்று இரும்பு மஞ்சளாகக் காய்ந்தது. பட்டைகள் ஒட்டிப்பிடிக்க நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வெங்காரத்தைத் தூவி, குறட்டால் பிடித்து வெளியே எடுத்தாய். நான் சுத்தியலைக் கோணலாகப் போட்டேன். "தள்ளு! நீ புடி, நான் அடிக்கிறேன்" என்று கத்தினாய். காய்ந்த இரும்பின் முன்னால் சார் சொல்ல ஏது நேரம்? அடித்து முடித்த பிறகுதான் உனக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாய். இனி இப்படியே கூப்பிடு என்றேன். அதன்பின் ஆறேழு ஞாயிறுகள் அந்த உலைக்கு முன்னால் நாம் நீ, நான்தான். சொன்னால் நம்புவாயோ என்னவோ, முப்பது வருடம் டவுன்ஷிப்பில் இருந்த எனக்கு அதுபோல் உரிமையோடு அதட்ட வேறு ஒருவன் வாய்க்கவில்லை.

கத்தியைத் தீட்டி அமிலக் கரைசலில் முக்கியபோது வரி வந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் திட்டுத் திட்டாக இருந்தாலும் வந்துவிட்டது. நீ வரியின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாய். முதலில் நீ வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்தாய்.

அப்புறம்தான் அந்த ஞாயிறு. செக்‌ஷன் ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். நீ காடாம்புலியூர் பலாப்பழத்தோடு வந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பின்கட்டில் சுளை எடுத்துக்கொண்டிருந்தாய். நான் காட்டிய கத்தியைக் கையில் வாங்கிய எங்கள் செக்‌ஷன் எஞ்சினியர், யார் செய்தது என்று கேட்டார். "நான்தான் சார், வீடியோ பார்த்து" என்றேன். தட்டோடு நீ வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாய். உங்களுக்கும் இந்த வேலை தெரியுமா என்று அவர் உன்னைக் கேட்டார்.

"சார்தான் செஞ்சாருங்க. நான் சும்மா கரி போட்டுகினு இருந்தேன்."

உன் குரலில் குத்தலே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நாலு பேர் பாராட்டிய சுகத்தில் சிரித்துக்கொண்டே நின்றேன். வெட்கமாக இருக்கிறது, இன்றும்.

மறு வாரம் வடக்குத்துக்கு வந்தேன். "உக்காருங்க சார்" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாய். உலையை நீ பற்றவைக்கவில்லை. டீ கொடுத்தாய், பிள்ளைகள் படிப்பை விசாரித்தாய். அந்த மரியாதையைத் தாண்டி உன்னிடம் வர எனக்கு வழி தெரியவில்லை. அடுத்த முறை மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்து நினைத்தே இரண்டு வருடம் ஓட்டினேன். காய்ச்சல் என்று நீ லீவு போட்டதாகச் சொன்னார்கள். நாலாம் நாள் நீ இல்லை.

காரியத்தன்று உன் வீட்டுக்குப் போனேன். உறவுக்காரர் ஒருவர், நீங்க யாருங்க என்றார். ஒரே செக்‌ஷன் என்று இழுத்தேன். உள்ளேயிருந்து வந்த உன் மனைவி என்னை முடிக்கவிடவில்லை.

"இவருதான் அவரோட கூட்டாளி. ரெண்டு பேரும் சேந்துதான் அந்தக் கத்திய அடிச்சாங்க. வூட்ல கடைசிவரைக்கும் அப்படித்தான் சொல்லிகினு இருந்தாரு."

அந்தக் கூட்டத்தின் நடுவே எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி இரண்டு வருடமும் என் முகத்துக்கு நேரே சார் என்றவன், வீட்டுக்குள் போய் என்னைக் கூட்டாளி என்றிருக்கிறாய். ஒருமுறை, ஒரே ஒருமுறை, என் காதுபடச் சொல்லியிருக்கக் கூடாதா? கேட்கிற யோக்கியதை எனக்கில்லை, ஆனாலும் கேட்கிறேன். அந்தச் சொல்லை நீ எந்தக் குரலில் சொல்லியிருப்பாய் என்று தினமும் நினைத்துப் பார்க்கிறேன். உன் மனைவியின் குரல்தான் கேட்கிறது.