நூறு பேரில் ஒருத்தி

மார்ச் 4, செவ்வாய்

இன்று பேக்கரி வேலைக்குத் திரும்பினேன். முதலாளியம்மா மாவு பிசையும் மேசையில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அதுவே போதும்.

பெரியவன் போய் ஒரு மாதமாகிறது. பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவன் மைதானத்திலேயே சாய்ந்தான். பதினேழு வயது. காய்ச்சல், தலைவலி என்று படுத்த பிள்ளையில்லை.

மார்ச் 11

பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று, பிறவியிலேயே இடம் மாறிக் கிளம்பியிருக்கிறதாம். ஓடும்போது நசுங்கியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"இது எல்லாருக்கும் வர்றதா டாக்டர்?"

"அந்தக் குழாய்கள்ல ஏதோ ஒரு மாறுதல் நூறு பேர்ல ஏறக்குறைய ஒருத்தருக்கு இருக்கும்மா. முக்கால்வாசிப் பேர் அது தெரியாமலே வாழ்ந்து முடிச்சுடுவாங்க. உங்க பையனுக்கு இருந்த வகைதான் ரொம்ப அபூர்வம்."

எங்கள் மூவரையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சின்னவளும் ஓட்டக்காரி ஆயிற்றே.

மார்ச் 12

ரொட்டி வாங்க வரிசையில் நிற்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்களில் யாருக்கோ இருக்கும். சிரித்துக்கொண்டே சில்லறை வாங்கிப் போகிறார். போகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா எம்புள்ளைக்கு மட்டும் ஏன் —

மார்ச் 20

இவர் டிவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். சின்னவள் மாடிப்படி ஏறினால் மட்டும் "மெதுவா" என்கிறார்.

"நான் என்ன கண்ணாடிப் பாத்திரமாப்பா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 3

சின்னவளுக்கு ஒன்றுமில்லை. இவருக்கும் இல்லை. எனக்கு இருக்கிறது. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4

என்னுடையது சாதுவான வகையாம், ஒன்றும் செய்யாதாம். இதை வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் மாவு மூட்டை தூக்கினேன். ரெண்டு புள்ளை பெத்தேன்.

"அப்ப என்கிட்டேருந்துதான் அவனுக்குப் போச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. பெரும்பாலும் தானா அமையறதுதான்."

பெரும்பாலும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். என்னைத்தான் குற்றம் சொல்வார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்றார்.

அவன் போனதிலிருந்து இன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதோம்.

மே 17, சனி

சின்னவளின் ஓட்டப்பந்தயம். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இவரோடு போனேன். ஓடி முடித்தவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அவள் நிமிரும்வரை எனக்கும் இவருக்கும் உயிர் உயிராக இல்லை.

மெல்ல நடந்து வந்தாள். "அஞ்சாவதுதான். பசிக்குதும்மா."

வெளியே கடையில் எத்தனை டீ என்று கேட்டார்கள். எப்போதும்போல் நாலு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மூணு" என்றார் இவர்.