குறுக்கே போட்ட மட்டைகள்

முந்தாநாள் சுங்கைப்பட்டாணியில் ஒரு குர்சுஸ், பயிற்சி வகுப்பு. அங்கே கொடுத்த வண்ணத்தாளை மேசையில் வைத்து முறைத்துக்கொண்டிருக்கிறேன். மழையும் வெயிலும் முன்போல் இல்லை, தோட்டங்கள் தாக்குப்பிடிக்கப் பழக வேண்டும் என்று நாள் முழுக்கப் பேசினார்கள். தாளில் ஒரு செம்பனைச் சரிவு. வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கியிருக்கிறார்கள். இப்படிப் போட்டால் நீர் நின்று இறங்கும், மண் அரிக்காது என்றார் பயிற்றுநர். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்கள் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

நீ அடுக்கியதும் இப்படித்தானே?

தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தோம். பாடாங் செராய் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு நான் மண்டோர் ஆனேன், நீ மட்டை வெட்டினாய். பெரிய சரிவில் ஒரு மாதம் நீ மட்டைகளைக் குறுக்கே போட்டிருந்தாய். அதைப் பார்த்த மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடி நின்றபோது, நான் உன்னைப் பிடித்தேன்.

"ரோட்டுலேர்ந்து பாத்தா நேரா தெரியணும்டா. மேனேஜர் கார்ல போறப்ப என்னா நெனப்பாரு?"

"மேனேஜர் ரோட்டுல போறாரு, தண்ணி மேட்டுலேர்ந்து வருது. நாம யாருக்குடா மட்டை போடுறோம்? குறுக்க போட்டா தண்ணி செத்த உக்காந்துட்டுப் போவும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டி, சரிவு முழுவதையும் நேராக மாற்றச் சொன்னேன். "சரிங்க மண்டோரு," என்றாய். அதுவரை நீ என்னிடம் 'ங்க' போட்டதே இல்லை. தனி ஆளாக இரண்டு நாள் இழுத்தாய். நான் குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

இப்போது அந்தச் சரிவைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. பெரிய மழை வந்தால் செம்மண் மொத்தமும் கீழே அல்லூரில், வடிகால் வாய்க்காலில், இறங்குகிறது. அல்லூர் தூர்ந்துபோய், லயத்து வாசல்வரை வெள்ளம். இரண்டு வாரம் வெயில் அடித்தால் அதே அல்லூரில் ஒரு வாளி தண்ணீர் இல்லை. கரையில் உன் மனைவி போட்ட வெண்டைச் செடிகள் இந்த வருடமும் கருகிவிட்டன. அவள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

நீ கண்மூடிய பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ரோட்டிலிருந்து தெரியாத ஒரு நிரையை நீ மாற்றவே இல்லை. திருட்டுப் பயலே! ஊரே காய்ந்து கிடந்த நாளில் அங்கே மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. கால் புதைந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்று மாலை மேனேஜர் கூப்பிட்டார்.

"அடுத்த வாரம் மேலிடத்துலேர்ந்து வராங்க, மண்டோர். மட்டையெல்லாம் நேரா இழுத்துப் போடச் சொல்லுங்க. தொட்டிக்குப் பின்னாலயும். புது ரோட்டுலேர்ந்து அது நல்லா தெரியுது."

"முந்தாநாள்தான சார் குர்சுஸ்ல குறுக்க போடச் சொன்னாங்க? நீங்கதான அனுப்புனீங்க?"

"அது குர்சுஸ் லா, மண்டோர். இது வேல."

எனக்குக் கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. அவர் வாயிலிருந்து வந்தது என் பழைய பேச்சு.

இன்று காலைப் பெரட்டில் நின்றேன். நம் ஆட்கள் இரண்டே பேர், மற்றவர்கள் இந்தோனேசியர்கள். தொட்டிப் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது, பெரிய சரிவிலும் மட்டையைக் குறுக்கே போடுங்கள் என்று மலாயில் சொன்னேன். நேற்றுவரை நேராகப் போடச் சொன்ன ஆள் நான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெத்தோல் கா, மண்டோர்?" என்று ஒருவன் கேட்டான். சரிதானா என்கிறான்.

"பெத்தோல்," என்றேன். "அதுதான் சரி."

மதியத்துக்குள் மேனேஜருக்குச் செய்தி போயிருக்கும். கூப்பிடட்டும், வேலை போனாலும் போகட்டும். என்னை அரிப்பது அதுவல்ல. உன்னைத் திட்டிய அதே இடத்தில் நின்று, உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல்லை, உன் பெயர்கூடத் தெரியாத ஒருவனிடம் மலாயில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.