போன் அடித்துக்கொண்டே இருந்தால்

அன்பு மகள் நட்டாலிக்கு, பினாங்கிலிருந்து அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் மாதா புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை பிரையனும் சளி இருமல் அண்டாமல் நல்லபடி இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லித்தான் முடிக்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு எதற்கு ஸ்டாம்பு செலவு என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு சாப்பிட்டாயா, காலுறை போட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. அதோடு நம் வீட்டில் போனை யாரும் சத்தமாக வைப்பதில்லை, ஏன் என்று உனக்கே தெரியும். அப்பா காலைப் பூசைக்குப் போயிருக்கிறார், அவர் வந்து சேருவதற்குள் எழுதி உறையில் போட்டுவிட வேண்டும், அதனால் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா ஜெயிலிலிருந்து வந்துவிட்டார் என்று நான் அனுப்பினதும் நீ இதயம் இதயமாக அனுப்பினாய். வந்தது நிஜம்தான் கண்ணு, ஆனால் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. மெத்தையில் படுக்க மாட்டேன் என்கிறார், ஹாலில் வெறும் தரையில் படுக்கிறார். விடிவதற்கு முன்பே எழுந்து போர்வையை நாலு மூலையும் சேர்த்து மடித்து வைத்துவிட்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், யாரோ வந்து எண்ணிவிட்டுப் போவார்கள் என்பதுபோல. குளியலறைக் கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் அதன் முன்னால் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்கிறார், நான் போங்க என்று சொன்னால்தான் உள்ளே போகிறார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது, இரண்டாம் நாள் அடுப்படியில் போய் அழுதேன். பாலும் சர்க்கரையும் இல்லாமல் கோப்பி ஓ கொசோங் போட்டு வைத்தால் குடிக்கிறார், சோறு போட்டால் சாப்பிடுகிறார், நேற்றுவரை பேச்சு மட்டும் இல்லை. சர்க்கரை அளவு ஒழுங்காக இருக்கிறது, காலில் புண் எதுவும் இல்லை, உன் கவலைக்கு இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அபராதத்தை நீதான் கட்டினாய் என்று எனக்குத் தெரியும். உன் கூட்டாளி தயாளன் வந்து சொல்லிவிட்டான். பாவம் அவன், அக்கரையில் பிறை ஃபேக்டரியில் லீவு போட்டு உனக்காக ஓடிப்போய் கவுண்டரில் கட்டிவிட்டு, பிறகு மனசு உறுத்தி என் வாசலில் வந்து நின்று, ஆன்ட்டி, நட்டாலி சொன்னா, என்னால முடியாதுன்னு சொல்ல முடியல என்று கையைப் பிசைந்தான். உன்னைத் திட்டுவதற்கு எழுதவில்லை. நீ தாதி வேலை பார்க்கிறவள், சர்க்கரையில் விரலை எடுத்தவர்களையும் காலை எடுத்தவர்களையும் தினமும் துடைத்துக் கட்டுகிறவள், பெற்ற தகப்பன் செருப்பில்லாமல் சிமெண்டுத் தரையில் நடப்பதை நினைத்தால் உனக்கு எப்படி இருக்கும். அவரைப் பார்க்க ஃபெரியில் போகும்போதெல்லாம் எனக்கும் அந்த நினைப்பு வந்ததுதான், இன்றைக்கே கட்டிக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று. ஆனால் கட்டின பிறகு இங்கே என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது, அதைத்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் கூட்டாளி வேலு அங்கிள் போன நாள் உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் நெஞ்சில் கொஞ்சம் இறங்குகிறது. மலையை வெட்டி வீடு கட்டுகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது, அந்த மழையில் சரிவு அப்படியே வந்து அடிவாரத்தில் இருந்த அவர் வீட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. அவர் மகள் காமினி வேலைக்குப் போயிருந்ததால் பிழைத்தாள், அவர் மட்டும் உள்ளே. நம் அப்பா தோசை சாப்பிடக் கூப்பிடத்தான் போன் போட்டார், மண்ணுக்குள்ளே மணி அடித்தது. தீயணைக்கிற பொம்பாக்காரர்கள் சத்தத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம், விடாமல் அடிங்கள் பாக்சிக் என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா அடித்துக்கொண்டே இருந்தார். மழையில் குடை பிடிக்க நான் போனேன், தள்ளிவிட்டார். அடித்து, நின்று, மறுபடி அடித்து, மத்தியானத்துக்கு மேல் மணி கேட்கவே இல்லை. தோண்டி எடுத்தபோது போன் வேலுவின் கையில் இருந்தது. அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் போன் அடித்தால்கூட அப்பா எழுந்து நின்றுவிடுவார், எந்தப் பக்கம் மண்ணைத் தோண்டுவது என்று பார்க்கிற மாதிரி. எத்தனையோ வருஷம் பிறையில் லோரி ஓட்டி அவரே எத்தனை மலை மண்ணை ஏற்றி இறக்கியவர், அவருக்கு மண் எப்படி நகரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அதே கம்பெனி இந்தப் பக்கத்துச் சரிவில், நம் அடுக்குமாடிக்கு நேர் பின்னால், மறுபடி வெட்ட ஆரம்பித்ததும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் லோரி நுழைகிற கேட்டின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை, ஜெபமாலை மட்டும் கையில். கம்பெனிக்காரர்கள் கோர்ட்டில் தடை வாங்கினார்கள், தடை வாங்கிய மறுநாளும் உட்கார்ந்தார். அபராதம், இல்லையென்றால் ஜெயில் என்றார் நீதிபதி. கட்டினால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும் ஐயா, உள்ளே அனுப்புங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்.

அவர் உள்ளே இருந்தபோது அந்த நாற்காலி கேட்டிலேயே இருந்தது. அதை நீ பார்த்திருக்க வேண்டும். கீழ்த்தளத்து டீச்சர் ஷஹீதா தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அதைத் துடைத்துவிட்டுப் போவாள். லோரி டிரைவர் இக்மல் என்று ஒரு மலாய்க்காரப் பையன், கேட்டுக்கு வந்ததும் லோரியை நிறுத்தி இறங்கி, நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, லோரியை உள்ளே விட்டுவிட்டு, திரும்பி நடந்து வந்து அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவான். அவனைப் பார்த்து மற்ற டிரைவர்களும் அப்படியே செய்தார்கள். போகும்போதும் வரும்போதும் இறங்கி ஏறி இறங்கி ஏறி, வேலை பாதியாகக் குறைந்துவிட்டது என்று கம்பெனி மேனேஜர் கத்தினானாம். ஆளில்லாத நாற்காலிக்கு அவ்வளவு மரியாதை. மழையில் அது தனியாக நனைவதைப் பின் ஜன்னலிலிருந்து பார்த்தால் சில நேரம் அப்பா அதில் உட்கார்ந்திருப்பது போலவே தெரியும், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பேன். ஜெயிலில் அவரைப் பார்க்கப் போனதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் கண்ணாடி, ஆளுக்கொரு போனில்தான் பேச வேண்டும். அப்பா அந்தப் போனைத் தொட மாட்டேன் என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். கால்வாசி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே போனது. ஷாருல் என்கிற வார்டர் பையன்தான் அவர் பக்கத்தில் குனிந்து, பாக்சிக், இது அடிக்காத போன் லா, பேச மட்டும்தான் என்று சொல்லி எடுத்துக் கையில் கொடுத்தான். அப்பா காதில் வைத்துச் சொன்ன முதல் வார்த்தை, அமலா, இங்க நான் தூங்குறேன், இங்க எந்தப் போனும் அடிக்கல என்பது. வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் நீ கட்டினாய். மத்தியானம், எனக்குக் கையெல்லாம் மாவு, கிரில் கேட்டுக்கு வெளியே யாரோ நிற்கிற நிழல், எட்டிப் பார்த்தால் அப்பா, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஜெயில் வாசலில் யாரும் இல்லாமல் தனியாக பஸ் பிடித்து ஃபெரி ஏறி வந்திருக்கிறார். யார் கட்டினார்கள் என்று எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் அடுக்குமாடி முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் அப்பாவைப் பற்றிப் பேச்சு பரவிவிட்டது, வில்லியம் அண்ணே கம்பெனியோட செட்டில் பண்ணிட்டாரு, கம்பெனிக்காரனே அபராதத்தைக் கட்டி வெளியில எடுத்துட்டான் என்று. மறுநாள் இக்மல் லோரியை விட்டு இறங்கவில்லை. நாற்காலியின் ஒரு கால் உடைந்து சாக்கடை ஓரம் கிடந்தது, யார் லோரி இடித்தது என்று தெரியவில்லை. ஷஹீதா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அது அவள் குணம். ஆனால் காமினி வந்தாள். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிள்ளை, கிரிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே, எங்கப்பாவுக்கு எவ்வளவு விலை போட்டாங்க ஆன்ட்டி என்று கேட்டாள். நாந்தாம்மா கட்டினேன், அவரு உடம்பு தாங்காதுன்னு நாந்தான் கட்டினேன், கம்பெனி ஒத்த வெள்ளி காசு தரல என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன், அழுதாள். ஆனால் ஹாலில் இருந்த அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தயாளன் வந்து உண்மையைச் சொன்னான், அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. உன்மேல் அவருக்கு வருத்தம் வருவதைவிட என்மேல் வரட்டும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன், தாங்கிக்கொள்வேன் என்று விட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம்வரை அப்படித்தான் ஓடியது. பின்னால் மண் வெட்டுகிற மிஷின் சத்தம் நிற்காமல் கேட்கிறது, சமையலறைச் சுவரில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது, என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு. அப்பா அதற்குப் பக்கத்தில் நின்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. குளியலறையில் வாளி வைக்கிற நீல நாற்காலியை எடுத்துத் தேய்த்துக் கழுவி வாசலில் காயவைத்தேன். நீ போன தடவை வந்தபோது வாங்கிய வெள்ளை நாற்காலியையும் அதன் பக்கத்தில் போட்டேன். அப்பா வந்து இரண்டையும் பார்த்தார். இது எனக்கு, அது யாருக்கு என்று கேட்டார், எத்தனை நாளுக்குப் பிறகு அவர் குரலைக் கேட்கிறேன். எனக்குத்தான், திங்கட்கிழமை நானும் கேட்டுக்கு வர்றேன் என்றேன். நீ ரொம்ப நேரம் உக்காந்தா உனக்கு இடுப்பு பிடிச்சுக்கும் என்றார். பிடிச்சா பிடிக்கட்டும், உங்களுக்கு மட்டுந்தான் வீடு இருக்கா என்றேன். கொஞ்ச நேரம் நாற்காலியின் காலை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, நீ கட்டலன்னு எனக்குத் தெரியும் அமலா, நீ கட்டியிருந்தா ஜெயில் வாசல்ல வந்து நின்னிருப்ப என்றார். நான் மற்ற நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரே, பிள்ளைக்கு எழுது, இந்தத் தடவ வேணாம்னு சொல்லு என்றார். கோபமாகச் சொல்லவில்லை கண்ணு, நீ சின்னப் பிள்ளையில் அவர் லோரியில் ஏறுவேன் என்று அடம் பிடிக்கும்போது எந்தக் குரலில் வேண்டாம் என்பாரோ அந்தக் குரலில்தான் சொன்னார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இனி நான் சொல்வதை நன்றாகக் கேள். வக்கீல் சொல்கிறார், அப்பாவுக்கு இது இரண்டாவது தடவை, இந்த முறை அபராதம் என்ற பேச்சே இருக்காது, நேரே உள்ளேதான். நான் புதுசு, எனக்கு முதலில் அபராதம்தான் போடுவார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, ஜெயில் இல்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு என்று நீ தயாளனை மறுபடி ஓட விடுவாய். வேண்டாம். நானும் அப்பா மாதிரி கட்டாமல்தான் உள்ளே போவேன், நீ கட்டினால் காமினி மறுபடி வந்து நிற்பாள், அவளுக்குச் சொல்ல என்னிடம் இன்னொரு பொய் கிடையாது. என் மாத்திரை விவரம் எல்லாம் ஷஹீதாவிடம் கொடுத்திருக்கிறேன், வார்டரிடம் சேர்ப்பது அவள் பொறுப்பு. உனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரத்தால் காமினிக்கு நீயே எழுது, கட்டினது நான்தான் என்று ஒளிக்காமல் எழுது. நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து ஒருத்தியிடம் ஒருத்தி எதையும் மறைத்தவர்கள் இல்லை.

மற்றபடி பிரையனை ஓவர்டைம் அதிகம் பார்க்க வேண்டாம் என்று சொல். நீ அனுப்பிய படத்தில் குழம்பு தண்ணியாக இருக்கிறது, மல்லித்தூளை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடு, லிட்டில் இந்தியாவில் அரைத்தது தயாளனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், அவன் பார்சல் போடுவான். காலுறை போடாமல் தரையில் நடக்காதே. மாதா உங்கள் இரண்டு பேர் தலையிலும் கை வைத்துக் காக்கட்டும், என் வயிற்றில் பிறந்த பிள்ளை எங்கே இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது திங்கட்கிழமை தாண்டியிருக்கும். நீ உடனே எனக்குப் போன் போடுவாய். மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டோம். பயப்படாதே நட்டாலி, நாங்கள் மண்ணுக்குள் இல்லை, ஜெயிலில் இருக்கிறோம். அடிக்கிறவரை அடிக்கட்டும், நீ கட்டிவிடாதே.

அப்பாவும் அருகில் இருப்பதாக நினைத்து ஆசீர்வதிக்கும்
உன் அம்மா,
அமலம்மாள் வில்லியம்